விலைய ஏத்துனா குடி நின்னுடுமா?

நேத்து அந்தப் பதிவ எல்லாரும் பார்த்திருப்பீங்க. "குவாட்டருக்கு இன்னும் 50 ரூபா ஏத்துங்க, தானா நிறுத்திடுவானுங்க"ன்னு. நமக்குத் தெரிஞ்ச, நல்லாப் படிச்சவங்க எல்லாம் ஹார்ட் போட்டிருக்காங்க. பார்த்ததுல இருந்து மனசே ஆறல.

நிறுத்த மாட்டாங்கங்க. தக்காளி கிலோ 100 ரூபான்னா புளியக் கூட்டிப் போட்டு சமாளிச்சுக்குவோம், குடிக்கு அடிமையானவருக்கு அப்படி ஒரு வழி கிடையாது. 2024 பிப்ரவரில குவாட்டருக்கு 10 ரூபா ஏத்துனாங்களே, என்ன ஆச்சு? டாஸ்மாக் வருமானம் 2023-24ல 45,855 கோடி, அடுத்த வருஷம் 48,344 கோடி. அந்த 10 ரூபாய யார் கட்டுறா? குடிக்கிறவரோட வீடு கட்டுது.

எங்கப்பா பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டுனவரு. சனிக்கிழமை கூலி. சரக்கு விலை ஏறுனப்பல்லாம் அவர் குடி கொஞ்சமும் குறையல, வீட்டுக்கு வாங்குற பால்தான் அரை லிட்டர் கால் லிட்டராச்சு, அம்மா போட்ட சீட்டு பாதியில நின்னுச்சு, கடைசியா தோடும் அடகுக்குப் போச்சு. ஓட்டை தூர்ந்துடக் கூடாதுன்னு காதுல ஈர்க்குச்சி சொருகிக்கிட்டாங்க, என் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கும் அப்படியேதான் வந்து உக்காந்திருந்தாங்க.

"அப்ப விலையக் குறைக்கச் சொல்றியா"ன்னு வருவீங்க. சொல்லவே இல்ல. சிகரெட்டையே எடுத்துக்குங்க, விலை ஏறுனா புதுசா பிடிக்க ஆரம்பிக்கிற பசங்க குறையுறாங்க, ஒத்துக்கறேன். நம்ம மாதிரி நாடுகள்ல 10 சதவீதம் ஏத்துனா புகையிலைப் பயன்பாடு 5 சதவீதம் போலக் குறையும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஆனா 10 ஏறி 5 தான் குறையுதுன்னா, மொத்தத்துல செலவு கூடத்தானங்க செய்யுது? சிகரெட் கட்டுப்படியாகலன்னா பீடிக்குப் போவாங்க. குவாட்டர் கட்டுப்படியாகலன்னா? 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்களே, அதுல பெரும்பாலும் கூலி வேலை பார்த்தவங்கதான்.

இதுல ஒருத்தர் கமெண்ட்ல, "பொண்டாட்டி கண்டிச்சு வச்சா அவன் ஏன் குடிக்கிறான்"னு கேக்கறாரு. எங்கம்மா கண்டிக்காத நாளில்லங்க. அடி வாங்குனதே அதுக்குத்தான். ஊர்ல யாரும் அப்பாவ ஒரு வார்த்தை கேக்கல, அம்மாவத்தான் வாயடக்கிக்கச் சொன்னாங்க.

ஏத்துற காசுல ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலயும் குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கணும், குடிக்கிறவங்க வீட்டுப் பிள்ளைங்க படிப்புக்கு ஒரு பங்கு வரணும்னு கேளுங்க, நானும் ஹார்ட் போடறேன். அதக் கேக்காம விலைய மட்டும் ஏத்தச் சொல்ற பதிவுக்கு தயவுசெஞ்சு இனிமே என்னை டேக் பண்ணாதீங்க.