பட்டாள ஆட்சி எல்லாம் பாசிசம் இல்லை

‘பட்டாளம் ஆண்டால் அது பாசிசம், 1962-ல் பட்டாளத் தளபதி நே வின் பர்மாவில் (இன்றைய மியான்மர்) கொண்டுவந்ததும் அதுதான்’ என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். கொடுமை என்பதில் மறுப்பில்லை. பெயர்தான் தப்பு.

இத்தாலியில் பாசிசத்தைத் தொடங்கிய முசோலினி பட்டாளத்தை வைத்து ஆட்சியைப் பிடிக்கவில்லை. அவர் கட்சியின் அடியாள் படையான கருஞ்சட்டைக்காரர்கள் தொழிற்சங்க அலுவலகங்களைக் கொளுத்தினார்கள். 1922 அக்டோபரில் மன்னரே அவரைப் பிரதமராக்கினார். சர்வாதிகாரம் அதற்குப் பிறகு, சட்டம் சட்டமாக வந்தது. 1923 தேர்தல் சட்டத்தைப் பாருங்கள்: 25 சதவீத ஓட்டோடு முதலிடம் வந்தால் போதும், மூன்றில் இரண்டு பங்கு இடம்! 1926-ல் வேலைநிறுத்தத்துக்குத் தடை, மற்றக் கட்சிகளுக்கும் தடை. ஆனால் ஆலை முதலாளி கையிலேயே இருந்தது. அவரும் தொழிலாளியும் அரசு சொன்ன அமைப்புக்குள் அடங்கவேண்டும், அவ்வளவுதான்.

நே வின் செய்தது நேர்மாறு. 1963 சட்டத்தை வைத்துத் தொழில்களை அரசுடைமையாக்கினார். ரங்கூனில் நம்மவர் கடைகளும் போயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார். ஒரே கட்சி என்பது இரண்டுக்கும் பொது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கட்சி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு 1962 ஜூலையில் மேலிருந்து கட்டியது. பாசிசக் கட்சி தெருவில் ஆள் சேர்த்து வளர்ந்தது.

இன்னொன்று. 1945-ல் பர்மாவில் ‘பாசிஸ்ட்’ என்றால் நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரன். பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் தலைமை தாங்கிய அணியின் பெயரே பாசிச எதிர்ப்பு மக்கள் சுதந்திரக் கழகம். துப்பாக்கி பிடித்தவனையெல்லாம் அப்படித் திட்டுவது அங்கிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கமோ என்னவோ.