குக்கீயை ஏற்றால் போட்டோ திருடு போகுமா?

"குக்கீக்குச் சம்மதம் கொடுத்தால் போனில் உள்ள போட்டோ, வங்கிக் கடவுச்சொல் எல்லாம் அந்தத் தளத்துக்குப் போய்விடும்" என்று ஒரு வாட்ஸ்அப் எச்சரிக்கை சுற்றுகிறது. இது தவறு.

குக்கீ என்பது பிரவுசர் சேமித்து வைக்கும் சின்ன எழுத்துக் குறிப்பு. ஒன்று அதிகம் போனால் 4 கேபி. 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற பொறியாளர் உருவாக்கியது. போன் கேலரியைத் திறக்க அதற்கு வழியே இல்லை.

சரி, கவலையே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. ஒரு கடைத் தளத்தில் செருப்பு பார்த்துவிட்டு சமையல் குறிப்பு படிக்கப் போனால், அங்கும் அதே செருப்பு வந்து நிற்கிறதே! பெரும்பாலும் அது இரண்டு தளங்களிலும் நுழைந்திருக்கும் விளம்பர நிறுவனத்தின் குக்கீ செய்யும் வேலை. இப்படி நீங்கள் பார்க்கும் தளம் அல்லாமல் வேறு நிறுவனம் வைப்பதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ; பிரவுசர் அமைப்புகளில் அவற்றைத் தடுத்துவிடுங்கள். தளம் குக்கீக்குச் சம்மதம் கேட்கும்போது 'அனைத்தையும் நிராகரி' என்று இருந்தால் தயங்காமல் அதையே தட்டுங்கள்.