ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவை நிறுவியவர் கிங் அல்லர்

அமெரிக்காவின் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா மாணவர் சகோதரத்துவச் சங்கத்தை மார்ட்டின் லூதர் கிங் தொடங்கினார் எனப் பரவும் தகவல் தவறானது. கறுப்பின மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே பயின்ற கார்னெல் பல்கலைக்கழகத்தில், முதலில் படிப்பு வட்டமாகக் கூடிய மாணவர்களுள் எழுவர் 1906 டிசம்பர் 4 அன்று அதை நிறுவினர். கிங் பிறந்ததோ 1929இல்தான்!

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த அவர், 1952இல் அந்நகரின் சிக்மா கிளையில் உறுப்பினரானார். வாஷிங்டனில் 2011இல் திறக்கப்பட்ட அவரது நினைவுச்சின்னத்துக்கான முயற்சியை இச்சங்கமே முன்னெடுத்தது. குழப்பத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

விருந்து, கேளிக்கை மட்டுமே இதன் வேலை என்பதும் பிழையே: வாக்குரிமையற்ற மக்கள் நம்பிக்கையற்ற மக்கள் என்ற முழக்கத்துடன் 1930களிலிருந்தே இச்சங்கம் வாக்காளர் பதிவை ஊக்குவித்துவந்துள்ளது.