தளம் முடங்கினால் தகவல் திருடுபோனதாக அர்த்தமா?

"அரசு இணையதளம் முடங்கிவிட்டது, மக்கள் தகவல் மொத்தமும் ஹேக்கர்கள் கையில்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. தளத்தை இப்படி முடக்கும் 'சேவை மறுப்புத் தாக்குதல்' (DDoS) என்பது வாசலை அடைத்துக் கூட்டம் நிற்பது மாதிரி. பீரோவை யாரும் திறக்கவில்லை. வைரஸ் புகுந்த ஆயிரக்கணக்கான கணினிகளும் கேமராக்களும் ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கொட்ட, சர்வர் திணறி '503' (சேவை இப்போது கிடைக்காது) என்று காட்டும். அவ்வளவுதான்.

2016 ஆகஸ்ட் 9 அன்று ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தளம் இப்படித்தான் நின்றது. தாக்குதல் என்னவோ சிறியதுதான். கூடவே ஒரு ரவுட்டரும் மக்கர் பண்ண, புள்ளியியல் துறையே தளத்தை மூடியது. மீண்டு வரச் சுமார் 40 மணி நேரம். தகவல் எதுவும் களவு போகவில்லை.

திருட்டை மறைக்க இத்தகைய தாக்குதலைத் திரையாக்குவதும் உண்டு. ஆனால் அதற்குத் தனி ஆதாரம் வேண்டும். '503' ஸ்கிரீன்ஷாட் போதாது.