மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஈசிஎம்மை மாற்றாதீர்கள்

"பாக்ஸ் போயிட்டு அண்ணாச்சி, மாத்தணும்."

பிக்கப் ஓட்டிப் பிழைக்கிறவரிடம் இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. பாக்ஸ் என்பது ஈசிஎம், அதாவது என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி. ஆனால் புது ஈசிஎம் வாங்கி, புரோகிராம் ஏற்றி வண்டி வெளியே வருவதற்குள் அந்த மாதத்து டியூ, களக்காட்டு வாழைத்தார் வாடகை எல்லாம் போய்விடும். அதனால் அழுத்தியே சொல்கிறேன்: ஈசிஎம்முக்கு வரும் கரண்ட், எர்த், அது சென்சார்களுக்குக் கொடுக்கும் ஐந்து வோல்ட் மூன்றையும் மீட்டர் வைத்துப் பார்க்காதவர் ஈசிஎம் போய்விட்டது என்று சொல்லக் கூடாது. ஸ்கேனரில் கோளாறு கோட் வந்தது என்பது தீர்ப்பு ஆகாது. ஈசிஎம் சொல்வதைத்தான் ஸ்கேனர் காட்டும். ஈசிஎம்முக்கு வரும் ஒயரே அரைகுறையாக இருந்தால் அது சொல்வதும் தாறுமாறாகத்தான் இருக்கும்.

செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை என்று வண்டி வந்தால் முதலில் பேட்டரி. சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்கணும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கக் கூடாது. பிறகு சாவியை ஆன் செய்து செக் லைட் எரிகிறதா பாருங்கள். லைட்டும் எரியவில்லை, ஸ்கேனரும் இணையவில்லை என்றால் ஈசிஎம்முக்குச் சப்ளை போகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இங்கேதான் மீட்டர் ஏமாற்றும். ஒயரில் ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். ஈசிஎம் கப்ளரை (ஒயர்கள் எல்லாம் வந்து மாட்டுகிற பிளக்கை) கழற்றிவிட்டு, ஒயரிங் படத்தில் பார்த்து உறுதி செய்த சப்ளை பின்னில் 21 வாட் பிரேக் பல்பைக் கொடுத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால்தான் ஒயர் நல்ல ஒயர். சப்ளையை விடுகிற மெயின் ரிலேயை ஈசிஎம்மே இழுக்கிற வண்டிகளில் கப்ளரைக் கழற்றியதும் ரிலே விழுந்துவிடும். அதற்கு ரிலே சாக்கெட்டில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு பின்களையும் ஃபியூஸ் வைத்த ஒயரால் இணைத்துக்கொள்ளணும். மீட்டர் முள்ளைக் கப்ளர் வாய்க்குள் குத்தாதீர்கள். டெர்மினல் விரிந்துபோய், இல்லாத கோளாறு ஒன்றை நாமே உண்டாக்கிவிடுவோம்.

எர்த்தை ஓம்ஸில் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. கப்ளரை மாட்டிய நிலையில், பின்பக்கமாக மீட்டரின் சிவப்பு ஒயரை எர்த் பின்னிலும், கறுப்பைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட் வந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட்டும் துருவும் போகத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. உவரி, இடிந்தகரைப் பக்கம் மீன் ஏற்றுகிற வண்டிகளில் ஐஸ் தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்து முதலில் தின்பது இந்த எர்த்தைத்தான்.

அடுத்தது ஐந்து வோல்ட். நல்ல ஈசிஎம் அதிகம் பழி சுமப்பது இங்கேதான். ரயில் பிரஷர் சென்சார் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் அழுத்தத்தைப் பார்ப்பது), பூஸ்ட் சென்சார் (டர்போ காற்றழுத்தத்தைப் பார்ப்பது), ஆக்சிலரேட்டர் பெடல் போன்றவற்றுக்கு ஈசிஎம்தான் 5 வோல்ட் கொடுக்கிறது. பல சென்சார்கள் ஒரே லைனைப் பங்குபோட்டுக்கொள்ளும். அதில் ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் லைன் மொத்தமும் படுத்துவிடும். ஸ்கேனரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து கோட் சேர்ந்து வரும். பார்க்கிறவர் உடனே "பாக்ஸ்தான்" என்று முடிவு கட்டிவிடுவார். அவசரம் வேண்டாம். சாவி ஆனில், ஒரு சென்சார் கப்ளரில் மீட்டரை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். அரை வோல்ட்டில் கிடந்த மீட்டர் அளவு எதைக் கழற்றியதும் 5-க்கு எழும்புகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் எழும்பவில்லையா? சாவியை ஆஃப் செய்து ஈசிஎம் கப்ளரையும் கழற்றி, அந்த ஒயர் பாடியிலோ 12 வோல்ட் ஒயரிலோ உரசுகிறதா பாருங்கள். நெல் மூட்டை ஏற்றுகிற வண்டியில் எலி கடித்த இடம் பெரும்பாலும் டேப் சுற்றலுக்குள்ளேதான் ஒளிந்திருக்கும். ஒயர் சுத்தமாக இருந்து, அப்போதும் 5 வோல்ட் வரவில்லை என்றால்தான் சந்தேகம் ஈசிஎம் மேல் திரும்பணும்.

வண்டியில் உள்ள பாக்ஸ்கள் ஒன்றோடொன்று பேசுகிற இரட்டை ஒயர்தான் கேன் லைன். அதற்கு ஒரே சோதனை. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம்ஸ் பாருங்கள். பொதுவாக 60 இருக்கும். 120 என்றால் ஒரு முனை விட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இரண்டு ஒயரும் ஒட்டியிருக்கின்றன.

இவ்வளவும் சரியாக இருந்து, ஈசிஎம்மின் பிராசஸரிலேயே கோளாறு என்று சொல்லும் பி 0606 கோட் அழித்த மறுநொடியே திரும்ப வருகிறது, அல்லது இன்ஜெக்டரும் ஒயரும் நன்றாக இருந்தும் ஒரு சிலிண்டருக்கு மட்டும் பல்ஸ் போகவில்லை என்றால் ஈசிஎம் போனது உண்மை. ஆனால் அது ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டினால் அதுவும் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் கப்ளர் பின்களில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று இன்றைக்கும் பார்க்கணும். லோடு பாடியில் கம்பி வைக்கும்போது பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் அடிப்பது, டிப்பர் லாரியின் 24 வோல்ட்டிலிருந்து ஜம்ப் கொடுப்பது, என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிப்பது, இவை மூன்றும் ஈசிஎம்மைக் கொல்லும். தெரிந்தும் இன்னும் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மாற்றுவது என்று முடிவானால், பழைய ஈசிஎம் இன்னும் ஸ்கேனரோடு பேசுகிறது என்றால் அதிலிருந்து சேஸ் நம்பர், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனியாக உள்ள இன்ஜெக்டர் கோட், பிஎஸ் 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியானால் டிபிஎஃப் என்கிற புகைக்கரி ஃபில்டரின் சாம்பல் அளவு எல்லாவற்றையும் முதலில் எடுத்து வையுங்கள். பேசவில்லை என்றால் இன்ஜெக்டர் தலையைத் துணியால் துடைத்து, அதில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் போட்டோ எடுங்கள். அந்தக் கோட் ஏறாமல் ஓட்டினால் ஐடிலிங் நடுங்கும், புகை தள்ளும், என்ஜின் தட்டும். பிறகு நல்ல இன்ஜெக்டரையும் கழற்றச் சொல்வார்கள். டிபிஎஃப் கணக்கு ஏற்றாவிட்டால் அடைத்த ஃபில்டரைப் புதியது என்று ஈசிஎம் நினைத்துக்கொள்ளும்.

பார்ட் நம்பர் மட்டும் பொருந்தினால் போதாது, ஸ்டிக்கரில் உள்ள சாஃப்ட்வேர் நம்பரும் பொருந்தணும். ஒரே என்ஜின்தான் என்று பிஎஸ் 4 பாக்ஸை பிஎஸ் 6 வண்டியில் மாட்ட முடியாது. சாவியை ஆஃப் செய்து பத்து நிமிடம் பொறுத்து, நெகட்டிவை முதலில் கழற்றிய பிறகே கப்ளரில் கை வைக்கணும். புரோகிராம் ஏறும்போது பேட்டரிக்குச் சார்ஜர் சப்போர்ட் கட்டாயம். நடுவில் வோல்ட் விழுந்தால் புது ஈசிஎம்மும் செத்துப்போகலாம். இம்மொபைலைசர் (சரியான சாவி இல்லாமல் ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டிக்குச் சாவியையும் புதிதாக அறிமுகப்படுத்தணும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் நிற்கும், அல்லது செல்ஃப் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும்.

காயலான் கடை பாக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய ஈசிஎம்மின் டேட்டாவை அப்படியே குளோன் செய்யத் தெரிந்தவர் கையில் அது ஓடும். வெறுமனே மாற்றி மாட்டினால் ஓடாது. ஈசிஎம்முக்குள் இன்ஜெக்டரை இயக்குகிற டிரைவர் சர்க்யூட் மட்டும் போயிருந்தால் ரிப்பேர் செய்தாலும் தாங்கும். பிராசஸர் போனதை ரிப்பேர் செய்கிறேன் என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் லோடு ஏற்றி ஒரு முப்பது கிலோமீட்டர் ஓட்டி, பெண்டிங் கோட் (இன்னும் உறுதியாகாத கோளாறு கோட்) எதுவும் இல்லை என்று மறுபடியும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சப்ளை, எர்த், ஐந்து வோல்ட், கேன் ஓம்ஸ் நாலும் பில்லில் எண்ணாக எழுதியிருக்கணும். பழைய பாக்ஸையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, அதில்தான் உங்கள் வண்டியின் டேட்டா இருக்கிறது.