செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் தெரு

பதினான்கு வருடமாகத் திருநின்றவூரில் குடியிருக்கிறேன். "அமைதியான ஏரியா, நல்ல காற்று, சத்தமே கிடையாது" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் விரிசல் விட்டு, ஆறு வாரம் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தபோதுதான் உறைத்தது: அந்த அமைதி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

கணக்கைப் பாருங்கள். காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன். லோக்கல் பிடித்து சென்னை சென்ட்ரல், அங்கிருந்து நடந்து பாரிமுனைப் பக்கம் ஆபீஸ். திரும்பி வர இரவு எட்டரை ஆகும். சனிக்கிழமையும் வேலை. ஞாயிறு கறிக்கடை, மதியத் தூக்கம், சாயங்காலம் இஸ்திரி. இருபது வருடக் கடனில் கட்டிய வீட்டை வெயில் வெளிச்சத்தில் பார்ப்பதே வாரத்தில் ஒரு நாள்தான். மிச்ச நாளெல்லாம் அது எனக்கு டியூப்லைட்டில் தெரியும் வீடு.

இந்த ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் தடத்தில், ஆவடி தாண்டி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, அப்புறம் நாங்கள். பழைய ஆட்கள் வாயில் இன்னும் தின்னனூர்தான். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியதே, அது இந்த வழியாகத்தான் போனது. 2021 வரை பேரூராட்சி, இப்போது நகராட்சி. பக்தவத்சலப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தாயார் பெயர் 'என்னைப் பெற்ற தாயார்'. எவ்வளவு அழகான பெயர்! பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கோயிலுக்கு வருடத்துக்கு இரண்டு முறை போனால் அதிகம், அதுவும் வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் பூசலார். அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனதுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல் அடுக்கி, சிகரம் வைத்து, குளம் வெட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ அரசன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. அரசன் கனவில் சிவன் வந்து, நாளைக்கு நான் நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ உன் நாளைத் தள்ளி வைத்துக்கொள் என்றாராம். அரசன் அலறியடித்து இங்கே வந்து விசாரித்தால், அப்படி ஒரு கோயில் இருப்பதே ஊரில் யாருக்கும் தெரியவில்லை. இப்போது இங்கே இருக்கும் இருதயாலீஸ்வரர் கோயில் அந்தக் கதையின் அடையாளம்.

லோக்கலில் போகிற ஆட்களுக்கு இந்தக் கதை தனியாகப் புரியும். கொரட்டூரில் வாடகைக்கு இருந்த நாளில் என் வீட்டையும் நான் ரயிலில்தான் கட்டினேன். வில்லிவாக்கத்தில் கிழக்குப் பார்த்து வாசல் வைப்பேன். பெரம்பூர் வருவதற்குள் சமையலறை முடிந்துவிடும். வியாசர்பாடி ஜீவாவில் படிக்கட்டை வெளிப்பக்கம் தள்ளுவேன். பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டி கொஞ்சம் நின்றுவிட்டால் மாடியே எழும்பிவிடும். பூசலாருக்கு சிவன் வந்தார். எனக்கு வங்கியிலிருந்து ஆள் வந்தார்.

மனை பார்க்கப் போனபோது புரோக்கர் "ஸ்டேஷன்லேருந்து அஞ்சே நிமிஷம் சார்" என்றார். பைக்கில் ஐந்து நிமிடம். நடந்தால் இருபது. இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, இந்தத் தடத்தில் மனை வாங்கிய எல்லோருக்குமே அந்த ஐந்து நிமிடம் கிடைத்திருக்கிறது.

சரி, மாவுக்கட்டுக்கு வருகிறேன். முதல் வாரம் செல்போனிலேயே போனது. இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வாக்கில், வாக்கரை வைத்துக்கொண்டு மெல்ல வாசலுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தள்ளுவண்டியில் கீரை கொண்டுவரும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்: "அக்கா, யாரோ விருந்தாளி வந்திருக்காங்க போல?"

எதிர்வீட்டில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன பெரியவர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் தலையாட்டுவோம், பதினான்கு வருடமாக அவ்வளவுதான் பழக்கம். அன்றைக்கு கேட்டைத் திறந்துகொண்டு நேராக வந்து, "என்ன தம்பி, சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களா?" என்றார். கட்டைக் காட்டினேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

அமைதி என்று நான் நினைத்தது சத்தமில்லாமல் இருப்பதை. அது தப்பு. அந்த நேரத்துத் தெருவில் சத்தத்துக்குக் குறைச்சலே இல்லை. ஒன்று முடிந்தபிறகு இன்னொன்று வருகிறது, அவ்வளவுதான். குக்கர் விசில் வீடு மாறி வீடு அடிக்கும். கேன் தண்ணீர் ஆட்டோ. கோலமாவு. பழைய இரும்பு, ஈயம், பித்தளை என்று பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் போகும் வண்டி. தூரத்தில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ். பெரியவர் சத்தத்தை வைத்தே எது கூட்ஸ், எது யூனிட் என்கிற லோக்கல், எது எக்ஸ்பிரஸ் என்று சொல்லிவிடுவார். கைக்கடிகாரம் கட்டுவதில்லை. மதியம் இரண்டு மணிக்கு நாய்கள்கூடப் படுத்துவிடும். அப்போது தென்னை மட்டை ஒன்று விழுந்தால் மூன்று வீட்டுக் கதவு திறக்கிறது.

அப்புறம், எங்கள் தெருவில் இவ்வளவு மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குச் செய்தி. நாலாவது வீட்டில் ஒரு பெண் தையல் வகுப்பு நடத்துகிறார், ஆறு வருடமாக. முனை வீட்டில் ஒரு ஆட்டோக்காரர், தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதலில் அவருடைய ஆட்டோதான் கிளம்பும். நான் விழுந்த அன்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான், பாதி மயக்கத்தில் யாரென்று கவனிக்கவில்லை. பணம் எவ்வளவு என்று பிறகு என் மனைவியிடம் கேட்டேன். "கேட்டா திட்டுவாரு, பேசாம இருங்க" என்றாள்.

நகரத்துக்குள் இருக்கும் நண்பர்கள் எங்கள் ஊரை 'தூங்குறதுக்கு மட்டும் போற இடம்' என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். இப்போது எனக்கு அந்தப் பேச்சு எரிச்சலாக இருக்கிறது. ஊர் தூங்குவதில்லை. நாங்கள் தூங்குகிற நேரத்துக்கு மட்டும் வருகிறோம், வந்து பார்த்துவிட்டு ஊர் தூங்குகிறது என்கிறோம். புறநகர் என்றால் ரயிலில் போய் வருகிற ஆம்பளையின் கதையாகவே எழுதுவதும் இந்தக் கோளாறுதான். பெண்களும் போகிறார்கள். லேடீஸ் பெட்டியில் திரும்பும்போதே கீரை ஆய்ந்து, பட்டாணி உரித்து, வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பைப் பற்ற வைக்கிறவர்கள் அவர்கள். ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகள் சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் மாறி, அதற்கப்புறம் ஒரு பஸ்ஸும் பிடிக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் என் பயணமெல்லாம் பிக்னிக்.

இன்னொரு விஷயம் உறுத்துகிறது. ஊர்க் காரியம் எதுவும் நாங்கள் இருக்கிற நேரத்தில் நடப்பதில்லை. வரி கட்டும் கவுன்டர், ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ் எல்லாம் பகலில். ஏரிப் பக்க மனைகளில் மழைக்குத் தண்ணீர் நின்றால் அதற்கு மனு எழுதுவது, கையெழுத்து வாங்குவது, வார்டு கவுன்சிலர் வரும்போது மறித்து நிற்பது எல்லாம் பெண்களும் பெரியவர்களும்தான். போன மழைக்கு முன்னால் எங்கள் தெரு வடிகாலைத் தூர்வார வைத்தவர்கள் என் மனைவியும் தையல் வகுப்புப் பெண்ணும். மூன்று தடவை அலைந்திருக்கிறார்கள். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னேனே, பாதியில தூங்கிட்டீங்க" என்றாள். எங்கள் கவுன்சிலர் பெயரே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் ரயிலில் யார் எந்த ஸ்டேஷனில் எந்தக் கதவில் ஏறுவார், எந்தப் பெட்டியில் பஜனை பாடுவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. பத்து வருடமாக எதிரே உட்காரும் ஒருவர் நாலு நாள் வரவில்லை என்றால் மனசு அடித்துக்கொள்ளும். அவர் வீடு எங்கே என்று தெரியாது. என்னுடைய தெரு உண்மையில் அந்தப் பெட்டிதான் போலிருக்கிறது.

இதற்காக வேலையை விட்டுவிட முடியுமா? கடன் இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை என்பது எங்கள் ஆபீஸில் சிரிப்புக்குரிய சொல். கட்டுப் பிரித்த பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்தேன். மாதத்தில் ஒரு வாரநாள், பெரும்பாலும் செவ்வாய், சாதாரண விடுப்பு போடுகிறேன். காரணம் கேட்டால் 'சொந்த வேலை' என்று எழுதுகிறேன்.

இந்த ஏற்பாடு என் மனைவிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பதினோரு மணிக்கு டீ போட்டுக்கொண்டு தையல் வகுப்புப் பெண்ணும் பக்கத்து வீட்டு அக்காவும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருவது பல வருட வழக்கமாம். நான் இருந்தால் அவர்கள் வருவதில்லை. வந்தாலும் பேச்சு சுருங்கிவிடுகிறது. போன செவ்வாய் பத்தே முக்காலுக்கு என் கையில் டம்ளரைக் கொடுத்து, "எதிர்வீட்டுப் பெரியவர்கிட்ட போய்க் கொஞ்ச நேரம் பேசிட்டு வாங்களேன், பன்னிரண்டு மணிக்கு வந்தா போதும்" என்றாள்.

டம்ளரோடு தெருவைக் கடந்தேன். பெரியவர் எனக்கொரு ஸ்டூலை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்.