காலியான நாற்காலிகள்

பாசிச இத்தாலியின் இனவாத ஆய்வுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அதெல்லாம் போலி அறிவியல்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிச் சொன்னால் நிஜ விஞ்ஞானிகள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

1938 ஜூலை 14 அன்று ஒரு நாளிதழில் பத்து அம்ச அறிக்கை வெளியானது. இனம் என்பது உயிரியல் உண்மை, இத்தாலியர்கள் ஆரியர்கள், யூதர்கள் இத்தாலிய இனத்தில் சேர மாட்டார்கள் என்றது அது. முசோலினியின் விருப்பப்படி அதைப் பெரும்பாலும் எழுதியவர் குய்டோ லாண்ட்ரா என்ற இளம் மானுடவியலாளர். சரி, பதவி ஆசை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அறிக்கையின் பின்னால் இருப்பவர்கள் என்று பின்னர் வெளியான பத்துப் பெயர்களில் நிக்கோலா பெண்டேயும் இருந்தார். ஹார்மோன் மருத்துவத்தில் பெரிய பெயர். நாட்டின் புள்ளியியல் நிறுவனத் தலைவர் சவோர்ஞானும் இருந்தார். அடுத்த மாதமே யூதர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுத்தார்கள். செப்டம்பரில் பள்ளி, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றினார்கள்.

என்னை அதைவிட அதிகமாக உறுத்துவது கணிதப் பேராசிரியர்கள். யூதர் என்பதால் லெவி-சிவிட்டா என்ற கணிதவியலாளர் வேலையை இழந்திருந்தார். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் நிற்பதே அவரும் அவருடைய ஆசிரியர் ரிச்சியும் உருவாக்கிய கணிதத்தின் மேல்தான். டிசம்பரில் இத்தாலியக் கணிதச் சங்கத்தின் குழு கூடியது. அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. காலியான பேராசிரியர் இடங்கள் வேறு துறைக்குப் போய்விடக் கூடாது, கணிதத்துக்கே வேண்டும் என்று கேட்டது! இத்தாலியக் கணிதம் பெரும்பாலும் ஆரியர்கள் வளர்த்ததுதான் என்றும் எழுதியது. அந்தச் சங்கத்தை நிறுவிய பிங்கெர்லே யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் குழுவினர் மனதில் வெறுப்பு இருந்ததா என்று நான் கேட்கவே மாட்டேன். இடம் காலியானது, அது தங்களுக்கு வேண்டும் என்றார்கள். எனக்கு அது போதும்.

அப்புறம் ரீட்டா லெவி-மொண்டால்சினி என்ற யூத ஆய்வாளர். டூரின் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர், வீட்டில் தன் படுக்கையறையையே ஆய்வகமாக்கிக்கொண்டார். தையல் ஊசியைத் தீட்டிக் கருவியாக்கி, கோழிக்கருவின் நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்தார். போர்க்காலம், முட்டைக்குப் பஞ்சம். குழந்தைகளுக்கு என்று சொல்லி விவசாயிகளிடம் கேட்டு வாங்கினார். குண்டு விழும்போது மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடினார். இத்தாலிய இதழ்களில் யூதர்கள் எழுத முடியாது. கட்டுரைகள் பெல்ஜியத்தில் வெளிவந்தன. 1986-இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

அறிக்கையில் பெயர் இருந்தவர்களில் சிலர் போர் முடிந்த பிறகும் பேராசிரியர்களாகவே தொடர்ந்தார்கள்.